மிளகு மூட்டையும் மினிமம் ட்யூவும்

மழை புடிச்சா எங்க மலையில ரெண்டு வகை அட்டை ஏறுமுங்க. ஒண்ணு கால்ல ஏறும். உப்பைத் தொட்டு வெச்சா சுருண்டு விழுந்துடும். இன்னொண்ணு பர்ஸுல ஏறும். அதுக்கு உப்பும் போட்டுப் பாத்தேன், மினிமம் ட்யூவும் போட்டுப் பாத்தேன், மாதா கோயில்ல மெழுகுவத்தியும் போட்டுப் பாத்தேன். விழல. குடிச்சுக்கிட்டே இருக்குது.

என்ற பேரு சிங்கராயர். ஏற்காட்டுல, வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டுல ரைட்டர். ரைட்டர்னா கதை எழுதறவன்னு நெனச்சுக்காதீங்க, வேலைக்கு வந்த ஆள் கணக்கு எழுதறவன். பேர்ல சிங்கம் இருக்குது, ராயரும் இருக்குது. ஊட்டுல ரெண்டும் கெடையாது. என்ற ஊட்டுக்காரி பேரு ஜெயமேரி. அவ பேர்ல இருக்கறது ஜெயம். கோயில்ல எங்களுக்குக் கல்யாண ஓலை வாசிச்சப்பவே எனக்கு இது உறைச்சிருக்கணும். அப்ப நான் பக்கத்துல இருந்தவனுக்கு ஃபாதர் மாதிரி பேசிக் காட்டிக்கிட்டு இருந்தேன்.

ஆமாங்க, மிமிக்ரி. அது என்ற ரெண்டாவது தொழில். ஃபாதர் பிரசங்கம் பண்றது, முதலாளி இருமறது, சேலம் பஸ்ஸு கொண்டை ஊசி வளைவுல மூச்சு வாங்கறது, எல்லாம் இந்த ஒரே தொண்டைதான். சனிக்கிழமையானா ரிசார்ட்டுல நெருப்பு மூட்டி சுத்தி உக்காருவாங்க. பெங்களூரு ஆளுங்க போர்வைக்குள்ள நடுங்குவாங்க, நான் நடுவுல நின்னு யானையாட்டம் பிளிறுவேன். ஆயிரம் ரூபா, ஒரு பிளேட் சிக்கன்.

அங்க ஒரு மேனேஜர் சொன்னான். "அண்ணா, உங்களுக்குன்னு சொந்தமா ஒரு ஸ்பீக்கர் பொட்டி இருந்தா உங்க லெவலே வேறண்ணா."

அந்த லெவலுக்கு விலை நாப்பத்தஞ்சாயிரம். சேலத்துக் கடையில கார்டைக் குடுத்தேன். ஒரே ஒரு தேய்ப்பு. விளக்கைத் தேய்ச்சா பூதம் வந்து என்ன வேணும் எஜமான்னு கேக்குமாம். இதைத் தேய்ச்சா வர்ற பூதம்தான் எஜமான்.

ஊட்டுல, "முதலாளி கிஃப்ட் குடுத்தாரு"ன்னு சொல்லிட்டேன்.

ஜெயமேரி பொட்டியை ஒரு சுத்து சுத்தி வந்து பாத்தா. "தீவாளிக்கு அரைக்கிலோ மிச்சர் குடுக்கற மனுசன், இதைக் குடுத்தாருங்களா?"

"அவரு மாதிரியே இருமிக் காட்டினேன் மேரி. நொம்ப சந்தோசப்பட்டுட்டாரு."

"அப்படீங்களா"ன்னா.

ஜெயமேரியோட 'அப்படீங்களா'வுக்கு நம்பிட்டேன்னு அர்த்தம் கெடையாதுங்க. கேஸ் இன்னும் முடியல, வாய்தா போட்டிருக்குதுன்னு அர்த்தம்.

அப்புறம் ஆரம்பிச்சுது. மாசாமாசம் மினிமம் ட்யூ கட்டுனா போதும்னு கார்டு குடுத்தவன் சொன்னான். நானும் கட்டினேன். பூனைக்கு வெக்கற பால் மாதிரி அது கொஞ்சம்தான் இருக்குது, ஆனா மாசம் தவறாம வெக்கச் சொல்லுது. கட்டுனதெல்லாம் வட்டி வாயில போயிடுச்சு. அசல் அப்படியே குத்தவெச்சு உக்காந்திருக்குது. ஒரு மாசம் ரெண்டு நாள் தள்ளிக் கட்டினேன், லேட் பீஸ் போட்டான். லேட் பீஸ் போட்டதுல லிமிட்டைத் தாண்டிடுச்சுன்னு அதுக்கு ஒரு பீஸ். அந்த ரெண்டு பீஸுக்கும் வட்டி. வட்டிக்கு ஜி.எஸ்.டி. இந்தக் குடும்பம் பெருகுற வேகத்துக்கு நான் ஒருத்தன் சம்பாரிச்சு எப்படிங்க சோறு போடறது? நடுவுல ஒரு மெசேஜ் வேற. 'அன்பான வாடிக்கையாளரே, வட்டி விகிதம் மாற்றப்பட்டுள்ளது.' எந்தப் பக்கம் மாறுச்சுன்னு சொல்லவே இல்ல. சொல்லணுமா என்ன?

நாப்பத்தஞ்சாயிரம் பொட்டி. நான் கட்டுனது அதுல முக்காவாசி. பாக்கி எவ்வளவுன்னு பாத்தா அறுபத்திரெண்டாயிரம். எஸ்டேட் கணக்கு எழுதறவனுங்க நானு. எங்க எஸ்டேட்டுல இப்படிக் கூட்டுனா என்னைக் கட்டிப்போட்டு அடிப்பாங்க.

பாக்கி கேக்கறதுக்குன்னே ஒருத்தனைப் போட்டிருந்தாங்க. கோபின்னு பேரு. திட்ட மாட்டான். அதுதான் கொடுமை. அவ்வளவு மரியாதையா கேப்பான்.

"சார், சாப்பிட்டீங்களா சார்?"

"இல்ல தம்பி."

"சாப்பிடுங்க சார். சாப்பிட்டுட்டு கட்டுங்க சார்."

ஒரு நாள் தாங்க முடியல. எங்க எஸ்டேட் வாட்ச்மேன் கெழவன் குரல்ல போனை எடுத்தேன். "ரைட்டரு செத்துப் போயிட்டாருங்க தம்பி"ன்னு அழுதேன். நெசமாவே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவ்வளவு நல்லா பண்ணினேன்.

கோபி உச்சுக் கொட்டினான். "அடடா. நல்ல மனுசனுங்க. அடக்கம் எப்பங்க?"

"நாளைக்குங்க."

"சரிங்க. மூணாம் நாள் நான் திரும்பக் கூப்புடறேன். சார் வேதக்காரருதானே, எந்திரிச்சுடுவாரு."

சொன்ன மாதிரியே மூணாம் நாள் கூப்பிட்டான். "சார், எந்திரிச்சுட்டீங்களா சார்? இந்த சனிக்கிழமை நான் நேர்ல ஊட்டுக்கு வர்றேன் சார். அம்மாவையும் பாத்த மாதிரி இருக்கும்."

கடன் இருக்கறது ஒரு பக்கம். அது ஜெயமேரிக்குத் தெரியறது இருக்குதே, அது வேற. வாய்தா போட்ட கேஸெல்லாம் ஒரே நாள்ல தீர்ப்பாகிடும்.

அப்பதான் எனக்கு மிளகு மூட்டை ஞாபகம் வந்துச்சு.

எங்க ஊட்டைச் சுத்தி சில்வர் ஓக் மரம். மரத்துல மிளகுக் கொடி. எங்க பக்கத்துல சம்பளம் ஆம்பளைது, ஊட்டு மிளகு பொம்பளைது. அதுல ஆம்பளை வாயைத் திறக்கக் கூடாது, ஏணியை மட்டும் புடிச்சுக்கலாம். இந்த வருசம் ரெண்டு மூட்டை. ஊட்டுக் கூரையில தகரம் ஓட்டையாகி, மழை வந்தா உள்ள அஞ்சு எடத்துல குண்டான் வெக்கறோம். மிளகை வித்துத் தகரம் மாத்தணும்னு ஜெயமேரி ரேட்டு ஏறுறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தா. மூட்டைங்க கட்டில் பக்கத்துலயே இருக்கும். படுக்கும்போது எனக்கு முதுகைக் காட்டிப் படுப்பா. முகம் மூட்டைக்கு.

டவுன்ல கருப்பண்ணன்னு மிளகு யாவாரி. முப்பது வருசமா மிளகுத் தூசு ஏறி ஏறி, அந்த மனுசன் ரெண்டு தடவை தும்மாம ரேட்டு சொல்ல மாட்டாரு. அவருகிட்ட ஒரு பழக்கம். எழுத்து கெடையாது, கையெழுத்து கெடையாது. போன்ல ஒரு ரேட்டு சொல்லிட்டா அதோட சரி, மார்க்கெட் ஏறுனாலும் எறங்குனாலும் பேச்சு மாறக் கூடாது. ரெண்டு பக்கமும் கட்டுப்பட்டுத்தான் ஆகணும். மலை பூராவும் அப்படித்தான் யாவாரம் நடக்குது. சில சமயம் மூட்டையைக் கடனுக்கும் எடுப்பாரு.

என்ற திட்டம் இதுதான். கருப்பண்ணன் குரல்ல ஜெயமேரிக்கு போன் போடறது. நல்ல ரேட்டு சொல்லி, பணம் கிறிஸ்துமஸுக்குத்தான்னு சொல்றது. மூட்டையை உங்க ஊட்டுக்காரர்கிட்டயே குடுத்து விடுங்கன்னு சொல்றது. மூட்டை என்ற கைக்கு வரும், சேலத்துல ரொக்கத்துக்கு வித்துட்டு கோபி வாயை அடைக்கறது. கிறிஸ்துமஸுக்குள்ள ரிசார்ட்டுல யானையாட்டம் கத்திக் கத்தி சேத்து, கருப்பண்ணன் குடுத்தாருன்னு அவகிட்டயே குடுத்துடறது. யாருக்கும் நட்டமில்ல. தொண்டைக்கு மட்டும் கொஞ்சம்.

வெள்ளிக்கிழமை காலையில, எஸ்டேட் ஸ்டோர்ல உர மூட்டைக்கு நடுவுல உக்காந்தேன். புது சிம்மு போட்ட பழைய போன் ஒரு கையில. என்ற போன் மேல் பாக்கெட்டுல. தொண்டையைச் செருமிக்கிட்டு கூப்பிட்டேன்.

"அச்சூ. அச்சூ. அம்மணி, கருப்பண்ணன் பேசறனுங்க."

அந்தப் பக்கம் ஜெயமேரி மெதுவா, "யாருங்க?"

"கருப்பண்ணனுங்க. மிளகுக்காரன்."

"கருப்பண்ணன் அண்ணனுங்களா?"

"நானேதானுங்க. என்ற போன்ல சார்ஜ் இல்ல, பையன் போன்ல இருந்து கூப்புடறேன்."

"அதானே பாத்தேன், நம்பர் புதுசா இருக்குதேன்னு. எங்க இருந்து பேசறீங்கண்ணா?"

"மண்டியில இருந்துதான். கல்லாவுல உக்காந்திருக்கேன்."

"நல்லா உக்காருங்கண்ணா. காப்பியைக் குடிங்க, ஆறிடப் போவுது."

என்னைத் தெரிஞ்ச நாள்ல இருந்து அவ என்னைக் காப்பி குடிங்கன்னு இவ்வளவு பாசமா சொன்னதே இல்லீங்க. அதுக்குக்கூட இன்னொருத்தன் குரல் வேண்டியிருக்குது. அதோட, கட்டின பொண்டாட்டி வாயால அண்ணான்னு வேற கேக்க வேண்டியிருக்குது. கலைக்காகப் பொறுத்துக்கிட்டேன்.

"மிளகு விசயமாத்தான் அம்மணி. அச்சூ. அச்சூ."

அந்தப் பக்கத்துல இருந்தும் ரெண்டு தும்மல் கேட்டுச்சு. அச்சு அசலா என்ற தும்மல். மலையில எதிரொலி சகஜம்தானேன்னு விட்டுட்டேன். அவ்வளவு தெளிவா எதிரொலி வருதுன்னா குரல் எப்படி அமைஞ்சிருக்கணும்னு ஒரு பெருமை வேற.

"மார்க்கெட்டு எறங்குதுங்க அம்மணி. இப்பக் குடுத்துட்டீங்கன்னா அறுநூறு ரூபா போட்டு எடுத்துக்கறேன். பணம் மட்டும் கிறிஸ்துமஸுக்கு."

"அறுநூறுங்களா? கடனுக்கா? எனக்கு ரொக்கத்துக்கே அறுநூத்தம்பது குடுக்க ஆள் இருக்குதுங்கண்ணா. எந்நேரம் பாத்தாலும் எதுத்தாப்புலயே உக்காந்திருக்கறாரு."

"அப்ப எழுநூறு."

"எழுநூத்தம்பதுன்னா யோசிக்கலாமுங்க."

எனக்கென்னங்க, கிறிஸ்துமஸுக்குத்தானே குடுக்கப் போறேன்? "எழுநூத்தம்பது. சொன்னா சொன்னதுதான்"னேன். கருப்பண்ணன் இருந்திருந்தா நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பாரு.

"நொம்ப சந்தோசம்ங்கண்ணா. வட்டி எவ்வளவு போட்டுக்கறது?"

"வட்டியா?"

"நாலு மாசம் கடன்னா வட்டி வேண்டாமுங்களா? மாசம் நாலு ரூபா போட்டுக்கறேன்."

எனக்கு வயிறு எரிஞ்சுடுச்சு. யாரு குரல்ல பேசறோம்னுகூட மறந்துட்டேன். "அம்மணி, கார்டுக்காரனே மூணே முக்காதானுங்க வாங்கறான்."

"அப்படீங்களா"ன்னா.

அந்த 'அப்படீங்களா'.

"எனக்கு கார்டைப் பத்தி என்னங்கண்ணா தெரியும். நாலுதான். நாள் தப்புனா லேட் பீஸு ஐநூறு. முடியாதுன்னா சொல்லுங்க, ரொக்கக்காரரு காத்துக்கிட்டு இருக்கறாரு."

நாளைக்குக் கோபி வர்றான். "சரிங்க அம்மணி"ன்னேன்.

"ஜாமீன் யாருங்கண்ணா?"

"ஜாமீன் எதுக்குங்க, நமக்குள்ள?"

"நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா? தும்மித் தும்மியே போயிடுவீங்க போல இருக்குதே."

"உங்க ஊட்டுக்காரரே ஜாமீன் நிப்பாருங்க. நொம்ப நல்ல மனுசன்."

"அவருங்களா." ஒரு பெருமூச்சு. "அவரை நம்பி ஒரு டம்ளர் தண்ணி தூக்கிக் குடுக்க முடியாதுங்கண்ணா. பாதியைச் சிந்திட்டு, சிந்துன சத்தத்தை மிமிக்ரி பண்ணிக் காட்டுவாரு. நான் சொல்றது சரிதானுங்களே?"

"சே, அப்படிச் சொல்லாதீங்க."

"உங்களுக்கும் தெரியுமில்ல, சொல்லுங்கண்ணா. மனசுல பட்டதைச் சொல்லுங்க."

யாவாரி யாரைத்தாங்க விட்டுக் குடுத்துப் பேசாம இருப்பான்? "ஆமாங்க அம்மணி. கொஞ்சம் விளையாட்டுத்தனம்தான்."

"கொஞ்சமுங்களா?"

"நொம்பங்க."

"உருப்படுவாருங்களா?"

"கஷ்டம்தானுங்க."

என்னை நானே இப்படித் திட்டி என்ற ஆயுசுக்குப் பாத்ததில்ல.

"லைன்லயே இருங்கண்ணா. அவரையும் கூப்பிட்டு கான்பரன்ஸ் போட்டுடறேன். ரெண்டு பேரும் பேசிக்கோங்க, நான் கேட்டுக்கறேன்."

நான் வேண்டாம்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள மேல் பாக்கெட்டுல போன் அடிக்குது. இடது காதுல கருப்பண்ணன், வலது காதுல நான்.

"ஹலோ மேரி"ன்னேன், என்ற குரல்ல. மூச்சு வாங்குது.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க?"

"ஆபீஸ்லதான்."

"கருப்பண்ணன் அண்ணன் லைன்ல இருக்கறாரு. வணக்கம் சொல்லுங்க."

"வணக்கமுங்க கருப்பண்ணன்."

இடது போனைப் புடிச்சு, "வணக்கமுங்க ரைட்டரே. அச்சூ."

வலது போனைப் புடிச்சு, "ஒடம்பு எப்படி இருக்குதுங்க?"

இடது. "சளி மட்டும் விட மாட்டேங்குதுங்க."

"ரெண்டு பேரும் என்னா ஒத்துமை"ன்னா ஜெயமேரி. "ஏனுங்க, அண்ணனுக்கு ஜாமீன் நிக்கறீங்களா? அவரு குடுக்கலீன்னா வட்டி, லேட் பீஸு எல்லாம் நீங்கதான் குடுக்கணும்."

வலது. "நிக்கறேன் மேரி."

"அண்ணா, அவரை நம்பலாமுங்களா?"

இடது. "நம்பலாமுங்க அம்மணி."

"இப்பத்தானே உருப்பட மாட்டாருன்னு சொன்னீங்க?"

வலது போன்ல நான் கோவப்படணும். "என்னைய்யா கருப்பண்ணா, அப்படியா சொன்னீரு?" இடது போன்ல அவரு மன்னிப்புக் கேக்கணும். "தப்பா எடுத்துக்காதீங்க ரைட்டரே." நடுவுல எந்தப் போன் எந்தக் கையில இருக்குதுன்னு கொழம்பி, கருப்பண்ணன் ஒரு தடவை மேரின்னு கூப்பிட்டுட்டாரு. அதை ஒரு தும்மல் போட்டு மூடினேன். உர மூட்டைக்கு நடுவுல, சாமி சத்தியமா, மேடையில இப்படி ஒரு பெர்ஃபாமன்ஸ் நான் பண்ணினதே இல்லீங்க. கைதட்டத்தான் ஆள் இல்லன்னு வருத்தப்பட்டேன்.

அந்தப் பக்கம் யாரோ சுவத்துல தலையை முட்டிக்கிட்டு சிரிக்கற மாதிரி சத்தம் கேட்டுச்சு. "என்ன மேரி அது?"ன்னேன்.

"பூனைங்க. பாலைப் பாத்துடுச்சு. சரிங்கண்ணா, சரிங்க. ரெண்டு பேரும் பேச்சு மாறக் கூடாது. போன்ல சொன்னா சொன்னதுதான்."

"சொன்னதுதான்"னேன் வலது கையில.

"சொன்னதுதானுங்க அம்மணி"ன்னேன் இடது கையில.

மத்தியானம் லீவு சொல்லிட்டு, ஒரு ஜீப்பைப் புடிச்சுக்கிட்டு ஊட்டுக்கு வந்தேன். டிரைவரை வெளிய நிக்கச் சொல்லிட்டு நேரா உள்ள போனேன். கட்டில் இருக்குது. மூட்டை இருந்த எடத்துல ரெண்டு வட்டம் மட்டும் இருக்குது.

ஜெயமேரி அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா.

"மேரி, மூட்டை எங்க?"

"போயிடுச்சுங்களே."

"எங்க போயிடுச்சு?"

"கருப்பண்ணன் அண்ணன் எடுத்துட்டுப் போயிட்டாரு."

"எப்ப?"

"காலையில போன் பண்ணினாரே, அப்பத்தான்."

"போன் பண்ணினவரு எப்படி மேரி இங்க வந்து..."

"அதைத்தாங்க அவரும் கேட்டாரு." வெங்காயத்தைத் தட்டுல போட்டா. "கையில காப்பி டம்ளரோட இதே எடத்துல உக்காந்திருந்தாரு. 'அம்மணி, நான் இங்க இருக்கறேனே, அப்ப அங்க இருக்கறது யாரு'ன்னு கேட்டாரு. பயந்துட்டாருங்க பாவம்."

நான் மெதுவா சுவரைப் புடிச்சு உக்காந்தேன்.

"முழுசுமா கேட்டாரு?"

"ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தேன். தும்மல் நொம்ப அருமைன்னாரு. எழுநூத்தம்பது சொன்னப்ப மட்டும் கோவம் வந்துடுச்சு. 'என்ற குரல்ல இப்படி ஒரு கேணத்தனமான ரேட்டு வெளிய போனா நாளைக்கு நான் எப்படிங்க கடை நடத்தறது'ன்னு கேட்டாரு. கான்பரன்ஸ் அப்ப சிரிச்சுச் சிரிச்சு அழுதே போட்டாரு. பூனைன்னு சொல்லி சமாளிச்சேன்."

"அவரு எதுக்கு இன்னிக்குன்னு பாத்து இங்க வந்தாரு?"

"நான்தாங்க வரச் சொன்னேன். மூட்டையை வித்துடலாம்னு."

"ரேட்டு ஏறட்டும்னுதானே வெச்சிருந்த?"

"மிளகு ரேட்டு ஏறுற வேகத்தை விட உங்க கார்டு வேகமா ஏறுதுன்னு கோபி சொன்னான்."

கோபி.

"அவனை உனக்கு எப்படித் தெரியும்?"

"கார்டு வாங்கும்போது வேற யாரு நம்பராச்சும் குடுங்கன்னு கேட்டிருக்கறாங்க. நீங்க என்ற நம்பரைக் குடுத்திருக்கறீங்க. நீங்க செத்த அன்னைக்குத்தான் முதல்ல எனக்குப் பேசினான். 'அக்கா, மனசைத் தேத்திக்கோங்க'ன்னான். நீங்க அப்ப பின்னாடி உக்காந்து பலாப்பழம் தின்னுக்கிட்டு இருந்தீங்க."

மூட்டை வித்த காசு எங்க போயிருக்கும்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

"எவ்வளவு கட்டினே?"

"அறுபத்திரெண்டு கேட்டான். தம்பி, ஊட்டுல அஞ்சு எடத்துல ஒழுகுது, ஒவ்வொரு பீஸா சொல்லு, எதுக்குன்னும் சொல்லுன்னேன். ஒண்ணொண்ணா சொல்லச் சொல்ல அவனுக்கே கூச்சமாப் போயிடுச்சு. மேலதிகாரிகிட்ட பேசிட்டு பீஸெல்லாம் தள்ளிட்டான். நாப்பத்தெட்டுக்கு முடிச்சாச்சு. கருப்பண்ணன் அண்ணன் போன்ல இருந்தே நேரா கட்டச் சொல்லிட்டேன். கார்டையும் கேன்சல் பண்ணியாச்சு."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சுங்க. இந்தத் தடவை யாரு மாதிரியும் இல்ல, என்ற சொந்தக் கண்ணீர். மாசக்கணக்கா நெஞ்சுல உக்காந்திருந்தது எந்திரிச்சுப் போயிடுச்சு. "மேரி"ன்னு கையைப் புடிச்சேன். "என்னை ஒரு வார்த்தை திட்டக்கூட இல்லையே நீ."

"திட்டி என்னங்க ஆவப் போவுது? நீங்களா வந்து சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. சரி, கட்டிட்டு விட்டுடலாம், அவமானப்படுத்த வேண்டாம்னு நெனச்சேன். கருப்பண்ணன் அண்ணன்கிட்டகூட கையெடுத்துக் கேட்டுக்கிட்டேன், இது அவருக்குத் தெரியவே வேண்டாமுன்னு. சொல்லி வாய் மூடல. போன் அடிச்சுச்சு."

வெளிய ஜீப்காரன் ஹாரன் அடிச்சான்.

"நீங்க மட்டும் அந்தப் போனைப் பண்ணாம இருந்திருந்தீங்கன்னா, உங்களுக்குக் கடனே இல்லீங்க. ஒத்தப் பைசா கேட்டிருக்க மாட்டேன்."

"இப்ப?"

"இப்பத்தான் ரேட்டு பேசியாச்சுங்களே. நூறு கிலோ. எழுநூத்தம்பது. மாசம் நாலு வட்டி."

"மேரி, அது கருப்பண்ணன் பேசுனது."

"கருப்பண்ணன் அண்ணன் ரொக்கம் குடுத்துட்டுப் போயிட்டாரு. அப்ப கடன் சொன்ன கருப்பண்ணன் யாருன்னு நீங்கதான் கண்டுபுடிக்கணும். கெடைக்கலீன்னா ஜாமீன்காரரு இருக்கறாரு."

"அவனும் நான்தானே."

"அதனாலதாங்க எனக்கு நிம்மதி."

எழுபத்தஞ்சாயிரம். அறுபத்திரெண்டுக்குப் பயந்து ஓடி எழுபத்தஞ்சுல வந்து விழுந்திருக்கேன். "பேங்க்காரன்கூட கேட்டா கொறைக்கறான் மேரி. நீ ஒரு செட்டில்மென்ட் போட மாட்டியா?"

"பேங்க்காரன் ஊட்டுல ஒழுகலீங்களே. தகரத்துக்கு வெச்சிருந்த காசுங்க அது. மீதி இருக்கறதுல ஒரு பக்கக் கூரைதான் வரும். என்ற பக்கம் போடச் சொல்லியிருக்கேன்."

"அப்ப என்ற பக்கம்?"

"கிறிஸ்துமஸுக்குள்ள நீங்க கட்டி முடிச்சீங்கன்னா போட்டுடலாம். அது வரைக்கும் குண்டானை நகத்தி நகத்தி வெச்சுக்கோங்க."

ஜீப் வாடகை நானூறு. சும்மா வந்துட்டுப் போனதுக்கு. அதையும் ஜெயமேரிதான் குடுத்தா. குடுத்துட்டு, அசலோட சேத்துக்கறேன்னா.

வெளிய வந்து நின்னேன். மழை இறங்குது. போன் அடிச்சுச்சு. கோபி.

"சார், சாப்பிட்டீங்களா சார்? உங்க அக்கவுண்ட் க்ளோஸ் ஆயிடுச்சு சார். இனிமே நான் கூப்பிட மாட்டேன். உங்க குரலை நொம்பத் தேடும் சார்."

எனக்கு அவன் மேல அப்படி ஒரு பாசம் வந்துச்சு. எவ்வளவு நாகரிகமான மனுசங்க. மூணே முக்கா வட்டி. மாசக் கடைசியில ஒரு போன். ஊட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டுக் கேக்க மாட்டாங்க. குண்டானை நகத்தச் சொல்ல மாட்டாங்க. உள்ள ஜெயமேரி வெங்காயம் வதக்கற சத்தம் கேக்குது. நான் போனை வாய்க்குப் பக்கத்துல கொண்டு போயி, கையை வெச்சு மூடி, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"தம்பி கோபி, அந்தக் கடனைத் திரும்ப ஓப்பன் பண்ணிக் குடுக்க முடியுமா? இங்க வட்டி ஜாஸ்தியா இருக்குது."

"பண்ணலாம் சார், ஒரு நிமிசம் லைன்லயே இருங்க"ன்னான். "அக்காவைக் கான்பரன்ஸ்ல போட்டுடறேன்."